ஒரு மயிரிழை உயரம்

வாகீசனுக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்பதில்லை. பெயர் அதைவிட மோசம். பல்லை மட்டும் மறக்கமாட்டான். பருத்தித்துறைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது யாராவது "என்ன வாகீசன், சுகமோ?" என்று கேட்டுச் சிரித்தால், முதலில் அந்தச் சிரிப்புக்குள் பார்ப்பான். கீழ்வாயில் மூன்று பல் கட்டின ஆள் என்று பிடிபட்ட பிறகுதான் "ஓம் அண்ணை, நல்ல சுகம்" என்று பதில் வரும். பதினாறு வருடமாக ஒரு தனியார் பல் வைத்தியசாலையின் பின்னறையில் இருந்து பல் செய்கிறவன் வேறு எப்படி இருப்பான்?

பின்னறை என்றால் மெய்யாகவே பின்னறைதான். முன்னுக்கு டொக்டர் தனுசியா நோயாளிகளைப் பார்ப்பார். வாயில் எடுத்த அச்சுகள் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன யன்னலால் பின்னுக்கு வரும். வாகீசன் அதற்குள் சாந்து ஊற்றி, இறுகவிட்டு, பல்வரிசையை அப்படியே வார்த்தெடுப்பான். அதை வைத்துச் செய்யவேண்டியதைச் செய்து, அதே யன்னலால் முன்னுக்கு அனுப்பிவிடுவான். ஆள் கறுப்பா சிவப்பா, அழுதாரா சிரித்தாரா, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. அந்த ஏற்பாடு அவனுக்குப் பிடித்திருந்தது. ஆட்களோடு கதைப்பது அவனுக்குச் சின்ன வயதில் இருந்தே பாரமான வேலை.

ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி வந்த ஓர் அச்சில் இருந்து வார்ப்பைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தான். மேல்வரிசையில் இடப்பக்கம், நடுப்பல்லுக்கு அடுத்த பல், கொஞ்சம் உள்ளுக்குத் திரும்பியிருந்தது. அதன் கீழ்மூலையில் ஓர் அரிசிக்குறுணி அளவுக்கு உடைவு. உடைந்த பல் வடமராட்சியில் ஆயிரம் பேருக்கு இருக்கும். ஆனால் திரும்பின பல்லில், அந்தச் சரிவில், அந்த அளவில் உடைந்த பல் ஒன்றே ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். அது உடைந்தபோது பக்கத்தில் நின்றவன் அவன்.  வார்ப்பை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, கூட வந்த துண்டை எடுத்து வாசித்தான்.

மு. உதயகலா. வயது நாற்பத்தொன்று. கரவெட்டி.

அவன் கதிரையில் இருந்துவிட்டான். இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெயர், டொக்டரின் கோழிக்கிறுக்கல் எழுத்தில் மேசைமேல் கிடந்தது.

பெயருக்கு முன்னால் இருந்த 'மு' அவனைப் படாதபாடு படுத்தியது. மு என்றால் முருகேசு. அவளுடைய தகப்பன். கலியாணம் கட்டியிருந்தால் புருசனின் எழுத்தல்லவா நிற்கவேண்டும்? அப்படியென்றால் இவள் இன்னும்... இந்த இடத்தில் வாகீசனின் நெஞ்சு இருபது வயதுப் பெடியனின் நெஞ்சு மாதிரி அடித்தது. வைத்தியசாலைத் துண்டில் அடையாள அட்டைப் பெயரைத்தான் எழுதுவார்கள், பள்ளிக்கூட வயதில் எடுத்த அட்டையை எங்கள் பெண்களில் பாதிப்பேர் மாற்றுவதே இல்லை. இது அவனுக்குத் தெரியாத விசயமல்ல. தெரிந்துகொள்ள விரும்பாத விசயம்.

துண்டில் மற்ற விவரங்களும் இருந்தன. வலப்பக்கத் தாடை மூட்டில் நோ. வாய் திறக்கும்போது சத்தம். காலையில் எழும்பினால் வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. நித்திரையில் பல் நறுமுகிறார். இரவில் போட ஸ்பிளின்ட் ஒன்று செய்யவும். கடைசியில் ஒரு வரி: மேல் இடதுபக்க இரண்டாம் பல்லின் உடைவை அடைக்க நோயாளி விரும்பவில்லை.

காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால் உள்ளே ஒன்று உருளுவது தெரியும். அதுதான் அந்த மூட்டு. கதவுப் பிணைச்சலுக்குள் வாசர் வளையம் வைப்பதுபோல அதற்குள்ளும் ஒரு சின்னச் சவ்வு இருக்கிறது. ஒருவர் வருடக்கணக்காகப் பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தால் சவ்வு இடம் விலகும். வாய் திறக்கும்போது 'டிக்' என்று சத்தம் கேட்கும். இன்னும் விலகினால் வாய் பூட்டிக்கொள்ளும். ஸ்பிளின்ட் என்பது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்து மேற்பல்லுக்கு மாட்டுகிற ஓர் உறை. கீழ்ப்பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அளவாக அதில் வந்து படவேண்டும். அப்படிப் பட்டால் தாடைச் சதை தன் பிடியை விட்டுவிடும். ஓர் இடம் மட்டும் உயரமாக நின்றால் தாடை இரவு முழுக்க அந்தப் பக்கம் கோணிக்கொண்டு மல்லுக்கட்டும்.

வாகீசன் மேல்வார்ப்பையும் கீழ்வார்ப்பையும் தாடைபோல ஆடுகிற இரும்புப் பொறியில் பூட்டி, கடிக்க வைத்துப் பார்த்தான். கடைவாய்ப்பற்கள் தேய்ந்து தட்டையாக இருந்தன. வலப்பக்கம் கூடுதலாக. இருபது வருடத் தேய்வு. சந்தோசமாக இருக்கிறவளின் பல் இப்படித் தேயுமா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பில் ஒரு கெட்ட சந்தோசமும் இருந்தது. ஊரில் சிலர் கிளிச்சாத்திரம் பார்ப்பார்கள். இவன் பல்சாத்திரம் பார்த்தான். இரண்டிலும் தனக்கு வேண்டியதுதான் வரும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நெல்லியடியில் ஒரு டியூட்டரி இருந்தது. கிடுகுக் கொட்டில், வாங்குகள், ஒரு கரும்பலகை. சண்டை நின்ற சமாதான காலம். வல்லைவெளிக் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் உழக்கிக்கொண்டு புத்தூரில் இருந்து வாகீசன் வருவான். கணக்கு வகுப்பு முடிந்து இரசாயன வகுப்புத் தொடங்குவதற்கு இடையில் அரை மணித்தியாலம். உதயகலா அவனிடம் இரசாயனம் கேட்பாள். அவன் அவளிடம் கணக்குக் கேட்பான். கணக்கு அவனுக்கு விளங்கியது என்று ஒருநாளும் சொன்னதில்லை. விளங்கிவிட்டால் பிறகு எதைக் கேட்பது?

ஒருநாள் வீட்டில் இருந்து புழுக்கொடியல் கொண்டுவந்து கொடுத்தான். பனங்கிழங்கை அவித்து, கீறி, வெயிலில் விறகுபோலக் காயவைத்தது. சின்னதாக முறித்து வாயில் போட்டு ஊறவிட்டுத்தான் சப்பவேண்டும். அவளுக்குப் பொறுமை இல்லை. முன்பல்லால் கடித்து முறிக்கப் போனாள். முறிந்தது பல். கையில் அந்தக் குறுணியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்புக்கு வகுப்பே திரும்பிப் பார்த்தது. பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயா கண்டால் கொல்லுவார். எங்கை உடைச்சனி, ஆர் தந்தது எண்டு கேப்பார். பிறகு டியூட்டரியும் இல்லை, ஒண்டும் இல்லை."

"சிரிக்காமல் இரும்" என்றான் வாகீசன்.

"உங்களைப் பாத்தாச் சிரிப்பு வருகுதே, நான் என்ன செய்ய?"

அந்த ஒரு வசனத்தோடு அவன் வீட்டுக்குப் பறந்து போனான். இனிப் பொறுக்க ஏலாது என்று தாயிடம் சொன்னான். இரண்டு பகுதிக்கும் சாதகக் குறிப்புப் பார்த்தார்கள், நல்ல பொருத்தம். ஒரு கிழமைக்குள் கந்தப்பு மாமா வேட்டி சால்வையோடு கரவெட்டிக்குப் போய் முறையாகக் கேட்டார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"பெட்டைக்கு விருப்பமில்லையாம் தம்பி. தகப்பன் நேரை கேட்டுப்போட்டு வந்து சொன்னவர்."

வாகீசனுக்கு ரோசம் வந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு வேறு எது குறைந்தாலும் ரோசம் குறையாது. பெரியவர்கள் பேசி முடிந்தால் முடிந்ததுதான். அவளிடம் போய் 'ஏன்' என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டியூட்டரிப் பக்கம் போவதையே விட்டான். சோதினையும் சரிவரவில்லை. பல் செய்கிற தொழில் படிக்கக் கொழும்புக்குப் போனான். ஊருக்கு வரும் பாதையைப் பூட்டினார்கள், சண்டை வந்தது, முடிந்தது. திரும்பி வந்து புத்தூரில் அக்கா பராசக்தியோடு இருந்துகொண்டு தினமும் பருத்தித்துறைக்குப் பஸ் ஏறினான். நெல்லியடிச் சந்தியில் பஸ் நிற்கும்போதெல்லாம் யன்னலால் பார்ப்பான். பதினாறு வருடத்தில் ஒருநாளும் அவளைக் காணவில்லை. அக்கா கொண்டுவந்த குறிப்புகளில் ஒன்றையும் அவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அவளுடைய வாயே மேசைக்கு வந்திருக்கிறது.

ஸ்பிளின்ட்டைச் செய்ய மூன்று நாள் எடுத்தான். ஒரு நாள் வேலை அது. அராவி, மினுக்கி, கடித்த இடத்தைக் காட்டுகிற சிவப்புத் தாள் வைத்துப் பொறியைக் கடிக்கவிட்டுப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. பதினாறு வருடத்தில் இவ்வளவு திறமாக ஒரு வேலை அவன் கையால் வந்ததில்லை.

அங்கேதான் புத்தி கோணியது. வேலை இவ்வளவு சரியாக இருந்தால் டொக்டர் மாட்டிப் பார்ப்பார், அனுப்பிவிடுவார். யன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனைக் கூப்பிட ஒரு முகாந்திரமும் இல்லை. வலப்பக்கக் கடைவாயில் ஒரு மயிரிழை உயரமாக இருந்தால்? டொக்டருக்குப் பிளாஸ்டிக் அராவுவது பிடிக்காது. "வாகீசன் அண்ணை, ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிடுவார். போய் ஐந்து நிமிடத்தில் அராவிக் கொடுக்கலாம். ஒருவருக்கும் நட்டமில்லை. அவளை ஒருக்கால் பார்க்கலாம். முடிந்தால், அந்த ஒரு கேள்வியைக் கேட்கலாம். ஏன் வேண்டாம் என்றாய்?

ஒரு துளி பிளாஸ்டிக் குழைத்து வலப்பக்கத்தில் வைத்தான். இறுகியதும் மினுக்கினான். பார்த்தால் தெரியாது. செய்தது கள்ளவேலை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தான்.

வெள்ளிக்கிழமை அவன் அயன் பண்ணின சேர்ட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட, அக்கா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆற்றை கலியாணம்?"

"ஒருத்தற்றையும் இல்லை" என்றான்.

பதினொரு மணிக்கு உதயகலா வந்தாள். பதினொன்று ஐந்துக்குக் கரண்ட் போனது. விதி என்று சொல்ல நான் விரும்பவில்லை, அது மின்சாரச் சபை. முன்னறையில் விளக்கு இல்லை, அராவுகிற மெசின் இல்லை, வாங்கில் இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். டொக்டர் தனுசியா டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பிளின்ட்டை மாட்டினார்.

"சரியா இருக்கோ?"

"ஓம்."

கதவுக்குப் பின்னால் நின்ற வாகீசன் அந்த 'ஓம்'ஐக் கேட்டான். அதே குரல், கொஞ்சம் கனத்திருந்தது. கதவைத் திறந்தால் முடிந்தது. கை கைப்பிடியில் இருந்தது, திருகவில்லை. தெருவாசல் கதவுச் சத்தம் கேட்ட பிறகுதான் திருகியது.

"வலப்பக்கம் கொஞ்சம் உயரம் போலைதான் கிடந்தது அண்ணை" என்றார் டொக்டர். "பழகினால் சரிவரும். இல்லாட்டி வரச் சொன்னனான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அது பிழை டொக்டர், இப்பவே கூப்பிடுங்கோ, இண்டைக்கு இரவு அதைப் போடக்கூடாது. பதிவுப் புத்தகத்தில் அவளுடைய தொலைபேசி இலக்கம் இருந்தது. வாகீசன் தலையை ஆட்டிவிட்டுப் பின்னறைக்குப் போனான். சனிக்கிழமை சொல்லுவோம் என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திங்கட்கிழமை இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு வல்லைவெளி தாண்டும் மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கோல் எடுக்கவில்லை. இப்படிப்பட்ட மனிதனை என்ன செய்வது?

புதன்கிழமை காலை முன்னறையில் இருந்து டொக்டரின் குரல் வந்தது.

"வாகீசன் அண்ணை, கெதியா வாங்கோ!"

உதயகலா பல் கதிரையில் சாய்ந்திருந்தாள். கழுத்தில் இருந்து மார்பு வரைக்கும் நீல நிறக் கடதாசித் துணி கட்டியிருந்தார்கள். காதோரம் நரை. முகம் வற்றியிருந்தது. வலக்கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. அவன் மாஸ்க் போட்டிருந்தான். அது நல்லதாய்ப் போயிற்று.

"பூட்டிக்கொண்டுது" என்றார் டொக்டர். "அஞ்சு நாளாக் கஞ்சிதானாம். உந்த ஸ்பிளின்ட்டிலை வலப்பக்கம் நல்ல உயரம். எப்பிடி அண்ணை? உங்கடை வேலையிலை நான் பிழையே கண்டதில்லையே."

"என்ரை பிழைதான்" என்றான் வாகீசன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

டொக்டர் சுடுதண்ணீரில் நனைத்த துவாயை அவளுடைய கன்னத்தில் வைத்து, சதை இளகும்வரை பொறுத்திருந்தார். பிறகு பெருவிரலைக் கீழ்க்கடைவாயில் வைத்து மெல்ல அமத்தி முன்னுக்கு இழுத்தார். உதயகலாவின் கண்ணால் தண்ணீர் வழிந்தது.  ஒரு 'டக்' கேட்டது. வாய் திறந்தது. வாகீசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளைப் பார்க்க வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தான். இப்போது பார்க்க முடியவில்லை.

"இனி நீங்கள் அதைச் சரிப்படுத்துங்கோ" என்றார் டொக்டர். அந்த நேரம் பக்கத்து அறையில் பல்லுப் பிடுங்கின ஒருவருக்கு இரத்தம் நிற்கவில்லை என்று கூப்பிட்டார்கள். அவர் அங்கே ஓடினார்.

வாகீசன் வலப்பக்கத்தை அராவினான். தாளை வைத்தான்.

"கடியுங்கோ."

கடித்தாள்.

"இடப்பக்கம் உரசுங்கோ. வலப்பக்கம். ஓம். விடுங்கோ."

இன்னும் கொஞ்சம் அராவினான். திரும்பவும் தாள், திரும்பவும் கடி. ஆறாம் தரம் இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சிவப்பு விழுந்தது. அவன் மாஸ்க்கைக் கழற்றினான்.

"உதயகலா" என்றான்.

அவள் ஸ்பிளின்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மாஸ்க்கைக் கழட்டத் தேவையில்லை. கதவைத் திறந்து வரேக்கையே தெரியும்."

"இது கைப்பிழை இல்லை" என்றான். ஒரு மூச்சில் சொல்லாவிட்டால் சொல்லமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். "வேணுமெண்டு உயர்த்தி விட்டனான். உயரமெண்டால் டொக்டர் என்னைக் கூப்பிடுவா, உம்மை ஒருக்காப் பாக்கலாம் எண்டு. அண்டைக்குக் கரண்ட் போட்டுது. பிறகும் நான் சொல்லேல்லை."

அவள் கையில் இருந்த ஸ்பிளின்ட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"அஞ்சு நாள், வாகீசன். பச்சைத்தண்ணி குடிக்கவே நொந்தது."

"தெரியும். மன்னிச்சுக்கொள்ளும்."

"விசரன்" என்றாள். அதில் கோபம் இருந்தது. கோபம் மட்டும் இருக்கவில்லை.

இனி இழக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. "ஒண்டு கேக்கட்டோ? அண்டைக்கு ஏன் விருப்பமில்லை எண்டு சொன்னனீர்?"

"ஆர் சொன்னது?"

"கந்தப்பு மாமா."

"மாமாவுக்கு ஆர் சொன்னது?"

"உங்கடை ஐயா."

"ஐயாவுக்கு ஆர் சொன்னது?"

அவன் விழித்தான்.

"நான் சொல்லேல்லை" என்றாள் உதயகலா. "நான் வாயே திறக்கேல்லை. பல்லு உடைஞ்சு ஒரு கிழமை. ஐயாவுக்கு முன்னாலை வாய் திறக்காமலே திரிஞ்சனான். உங்கடை மாமா வந்து விறாந்தையிலை இருக்க, ஐயா உள்ளுக்கு வந்து கேட்டவர், புத்தூர்ப் பெடியனை உனக்கு விருப்பமோ எண்டு. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிச்சால் பல்லுத் தெரியும். ஆர் தந்தது எண்டு வரும், எல்லாம் வெளியிலை வந்திடும். பல்லை இறுக்கிக் கடிச்சுக்கொண்டு நிலத்தைப் பாத்தனான். கலியாணம் கேக்க ஒரு பெட்டை கதையாமல் நிண்டால் ஓம் எண்டுதானே எல்லா வீட்டிலையும் எடுக்கிறவை? எங்கடை ஐயா என்ரை தாடை இறுகினதைப் பாத்திருக்கிறார். பிள்ளை பல்லைக் கடிச்சுக்கொண்டு கோவத்திலை நிக்குது எண்டு நினைச்சிட்டார். பிடிக்காத இடத்திலை மகளைக் குடுக்கக்கூடாது எண்டு போய்ச் சொல்லிப்போட்டார். நல்ல மனிசன் அவர். அதாலை வந்த வினை."

 வாகீசன் டொக்டரின் முக்காலியில் இருந்துவிட்டான். அவன் கொடுத்த புழுக்கொடியல். அவன் உடைப்பித்த பல். ஒரு மாதம் பொறுத்துக் கேட்டிருந்தால்கூட அவள் தகப்பனிடம் ஏதாவது பொய் சொல்லி அந்தப் பல்லைச் சமாளித்திருப்பாள்.

"எனக்கு ஒரு மாதத்துக்குப் பிறகுதான் விசயம் தெரியும்" என்றாள். "அதுக்கிடையிலை ரெண்டு கிழமை டியூட்டரி வாசலிலை நிண்டனான். நீங்கள் வரேல்லை. பிறகு கொழும்புக்குப் போட்டான் எண்டு ஆரோ சொல்லிச்சினம். நீங்கள் ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

 ரோசம் என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தைக் கொண்டுபோன காரணத்துக்கு அது மிகச் சின்னப் பேர்.

உதயகலா எழும்பிக் கழுத்தில் கட்டியிருந்த நீலத்துணியை அவிழ்த்தாள். அதற்குக் கீழே தாலிக்கொடி இருந்தது. மொத்தமான, நல்ல கொடி. வாகீசன் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"வெளியிலை இவர் மோட்டச்சைக்கிளோடை நிக்கிறார்" என்றாள். "நல்ல மனிசன். மெய்யாத்தான் சொல்லுறன். எனக்கொரு குறையும் இல்லை."

"அப்ப ஏன் நித்திரையிலை பல்லைக் கடிக்கிறீர்?"

"ஆருக்குத் தெரியும்? நித்திரையிலைதானே கடிக்கிறன்." பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிறன். அதுகளின்ரை கொப்பியை ஒரு கிழமை திருத்திப் பாருங்கோ, நீங்களும் கடிப்பியள்."

வாய் தாராளமாகத் திறந்து சிரித்தாள். பூட்டும் இல்லை, சத்தமும் இல்லை. மேல்வரிசையில் திரும்பின பல்லும் குறுணி உடைவும் அப்படியே தெரிந்தன. வார்ப்பில் பார்த்ததைவிட எத்தனை மடங்கு வடிவு என்று அவன் நினைத்தான். 

"உந்த உடைவை ஏன் அடைக்க வேண்டாமெண்டனீர்? பத்து நிமிச வேலை."

அவள் சட்டென்று கையால் வாயைப் பொத்தினாள். டியூட்டரியில் பொத்தின அதே மாதிரி.

"உது கிடக்கட்டும்" என்றாள்.

டொக்டர் தனுசியா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஸ்பிளின்ட்டை மாட்டச் சொல்லி, தாள் வைத்துக் கடிக்கவிட்டு, நல்ல விளக்கின் கீழே பார்த்தார். "ஆ, இதுதான் எங்கடை வாகீசன் அண்ணையின்ரை வேலை" என்றார். பிறகு பதிவுப் புத்தகத்தைத் திறந்தார்.

"என்ன அண்ணை, இன்னும் அராவ வேண்டி வருமோ? மாதத்துக்கு ஒருக்கா வரச் சொல்லிப் போடட்டோ?"

வாகீசன் உதயகலாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓம் என்ற ஒரு சொல் போதும். மாதத்தில் ஒருநாள், ஐந்து நிமிடம். கடியுங்கோ, விடுங்கோ. அந்தப் பேராசை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அவள் கஞ்சி குடித்த ஐந்து நாளும் அதற்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"தேவையில்லை டொக்டர்" என்றான். "இப்ப சரியா இருக்கு. இவ இனி வரவேண்டி இராது."

டொக்டர் பேனையை மூடினார். உதயகலா ஸ்பிளின்ட்டைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கைப்பைக்குள் வைத்து, பையின் சிப்பை இழுத்து மூடினாள். எல்லாம் ஆற அமரத்தான் செய்தாள். வாசலுக்குப் போனவள் திரும்பி நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தாள். அன்று அவளுடைய தகப்பனுக்கு விளங்காதது இந்த முறை அவனுக்கு விளங்கியது.